கிளட்ச் இல்லாத வண்டி

தொண்ணூறுகளின் கடைசியில் மாமல்லபுரத்துக்கு வடக்கே ஒரு கடற்கரை விடுதியில் பராமரிப்பு மேற்பார்வையாளராக இருந்தேன். செங்கல்பட்டிலிருந்து தினமும் பஸ்ஸில் போய்வருவேன். தண்ணீர் மோட்டார், ஜெனரேட்டர், ஏசி, நீச்சல் குளத்துப் பம்பு எல்லாம் என் பொறுப்பு. புல்வெளி என் பொறுப்பில்லை. புல் வெட்டும் வண்டி என் பொறுப்பு. இந்த வேறுபாட்டை மேனேஜருக்குப் பலமுறை விளக்கியிருக்கிறேன்.

வண்டி ஒரு சின்ன டிராக்டர். வயிற்றுக்கு அடியில் புல் வெட்டும் கத்திகள் இருக்கும். விடுதி வருவதற்கு முன் அங்கே பங்களா வைத்திருந்த வெள்ளைக்காரர் ஒருவர் அதைக் கப்பலில் வரவழைத்தாராம். ஊருக்குத் திரும்பியபோது அதை விட்டுவிட்டுப் போனார். கூடவே எடுத்துப் போகிற அளவுக்கு அது நல்ல வண்டி இல்லை என்பது மேனேஜரின் கருத்து. என்ன கம்பெனி, என்ன மாடல் என்று யாருக்கும் தெரியாது. பதிவேட்டில் 'புல் வண்டி, ஒன்று' என்றுதான் எழுதியிருந்தது.

அதில் கியரும் இல்லை, கிளட்சும் இல்லை. வலது காலுக்கு ஒரே ஒரு பெடல். பாதத்தால் அழுத்தினால் முன்னே போகும், குதிகாலால் அழுத்தினால் பின்னே போகும், காலை எடுத்தால் நின்றுவிடும். எஞ்சின் ஒரு பம்பைச் சுற்றுகிறது, பம்பு எண்ணெயைத் தள்ளுகிறது, அந்த எண்ணெயின் அழுத்தம் சக்கரத்தைச் சுற்றுகிறது. ஹைட்ரோஸ்டாட்டிக் டிரான்ஸ்மிஷன் என்பார்கள்.

அதை ஓட்டியவர் பூஞ்சேரிக்காரர், என்னைவிடச் சில வயது இளையவர். சின்ன வயதில் போலியோ வந்து இடது கால் சூம்பிப்போனதால் கம்பு ஊன்றித்தான் நடப்பார். மற்ற டிராக்டர்களில் கிளட்சை மிதிக்க இடது கால் வேண்டும். இதற்கு வேண்டாம். எங்கள் பக்கத்தில் அவரால் ஓட்ட முடிந்த டிராக்டர் இது ஒன்றுதான். அவரைத் தவிர வேறு யாருக்கும் இதை ஓட்ட வராது. ஓட்டிப் பார்த்தவர்கள் இடது காலால் இல்லாத கிளட்சைத் தேடிக்கொண்டே வேலியில் மோதினார்கள்.

சித்திரை மாதத்தில் வண்டி படுத்தது. காலையில் நன்றாகக் கிளம்பும். அரை மணி நேரம் ஓடிச் சூடேறியதும் மெதுவாகும். கடல் பக்கத்து மேட்டில் ஏறும்போது எஞ்சின் உறுமும், சக்கரம் சுற்றாது. எஞ்சினை நிறுத்தி ஆறவிட்டால் மறுபடி கொஞ்ச நேரம் ஓடும்.

மதுராந்தகத்திலிருந்து ஒரு டிராக்டர் மெக்கானிக்கை வரவழைத்தோம். ஏரிப் பாசனத்து ஊரில் உழவு டிராக்டர்களைப் பிரித்துப் பூட்டியவர். வண்டியை இரண்டு முறை சுற்றி வந்தார்.

"கிளட்சு எங்க கீது?"

"கிளட்சே கெடையாது மச்சான்" என்றார் ஓட்டுநர்.

"கியரு?"

"அதுவும் கெடையாது."

"அப்போ இன்னாதான் கீது இதுல?"

"நான் கீறேன்."

மெக்கானிக் சிரிக்கவில்லை. "உனக்காச்சும் ஒரு காலுதான் வேலை செய்யல. இதுக்கு நாலும் செய்யல."

"என் ஒத்தக் காலுக்கு இது எவ்ளோ நேரா வெட்டும் தெரியுமா? நீ பூட்டின டிராக்டரு உழுத கழனிய நானும் பாத்துக்கீறேன், பாம்பு போன தடம் மாரி கீது."

இதற்குப் பிறகு இருவரும் நண்பர்களாகி டீ குடித்தார்கள். எண்ணெய் நீர்த்துப்போய்விட்டது என்று மெக்கானிக் முடிவு சொல்லி, கெட்டியான கியர் ஆயிலை ஊற்றிவிட்டுப் போனார். வண்டி முன்பைவிடப் பத்து நிமிடம் கூடுதலாக ஓடிவிட்டு நின்றது. மறுமுறை இன்னும் கெட்டியான எண்ணெய் ஊற்றினார். இதைவிடக் கெட்டியாக வேண்டுமென்றால் தார்தான் ஊற்ற வேண்டும் என்றேன். அதையும் அவர் யோசித்தார்.

மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். புது மினி டிராக்டருக்கு விலை கேட்டிருந்தார். அதில் கிளட்ச் உண்டு.

"அப்போ டிரைவர்?" என்றேன்.

"கேட்ல வாட்ச்மேனா போடலாம்னு பார்த்தேன். பன்னிரண்டு மணி நேரம் நிக்கணும். அவரால முடியாது. வேற வழி இல்ல சார்." அவர் கெட்டவர் இல்லை. "சனிக்கிழமை காயலான் கடைக்காரர் வர்றார். அதுக்குள்ள ஓடிடுச்சுன்னா ஓடட்டும்."

அன்று செவ்வாய்க்கிழமை.

எந்த வண்டி என்று தெரியாமல் எந்த எண்ணெய் என்று தெரியாது. எந்த வண்டிக்கும் எங்காவது ஒரு தகடு இருக்கும். ஆனால் ஓட்டுநர் ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் சொந்தக் காசில் எனாமல் பெயின்ட் வாங்கி வண்டி முழுக்க அடிப்பார். 'முழுக்க' என்றால் சீட்டுக்கு அடியிலும், போல்ட்டுகளின் மேலும், எண்ணெய் டப்பாவின் மூடியிலும். கடையில் எந்த நிறம் மலிவோ அந்த நிறம். அதன்மேல் சந்தனம், குங்குமம். தகடு இருந்தால் அதுவும் அத்தனை பூஜைகளுக்கு அடியில்தான் இருந்தது.

சீட்டைக் கழற்றி, தின்னரும் பழைய பிளேடும் வைத்துச் சுரண்டினேன். நீலம் வந்தது, பிறகு பச்சை, பிறகு சிவப்பு.

"அது தங்கச்சி கல்யாணம் நடந்த வருசம்" என்றார் ஓட்டுநர், சிவப்பைப் பார்த்து.

சிவப்புக்கு அடியில் காவி. அதற்கும் அடியில் கம்பெனியின் மஞ்சள், மஞ்சளுக்கு நடுவே ஓர் அலுமினியத் தகடு. மாடல் எண், வரிசை எண் இரண்டும் தெளிவாக இருந்தன. பெயின்ட் அவற்றை நன்றாகப் பாதுகாத்திருந்தது.

வெளிநாட்டுப் பயணிகளுக்காக மாமல்லபுரத்தில் அப்போது பிரவுசிங் சென்டர்கள் வந்திருந்தன. ஒன்றில் உட்கார்ந்து எண்ணைத் தட்டினேன். எங்கோ தூர தேசத்தில் இதே வண்டியை வைத்திருக்கும் ஒருவர் கையேட்டின் பக்கங்களைப் படமெடுத்துப் போட்டிருந்தார். ஒவ்வொரு பக்கமும் மேலிருந்து கீழாக, கோலம் போடுகிற வேகத்தில் திறந்தது. அச்செடுத்து வந்தேன்.

அதில் எண்ணெய் பற்றி எழுதியிருந்தது: சாதாரண எஞ்சின் ஆயில் போதும். டிரான்ஸ்மிஷனின் மேலிருக்கும் விசிறியையும் குளிர்விக்கும் தகடுகளையும் சுத்தமாக வைக்க வேண்டும். எங்கள் வண்டியில் தகடுகளுக்கிடையே காய்ந்த புல்லும் சந்தனமும் அடைத்திருந்தன. இன்னொரு குறிப்பும் இருந்தது. எஞ்சினை நிறுத்திவிட்டு வண்டியைக் கையால் தள்ள வேண்டுமானால் பின்பக்கத்து லீவரைத் தூக்க வேண்டும். அப்போது எண்ணெய் சக்கரத்துக்குப் போகாமல் வேறு வழியில் சுற்றிவிடும். ஓட்டும்போது லீவர் முழுக்கக் கீழே இருக்க வேண்டும்.

"லீவரா? அது கீழதான் சார் கீது" என்றார் ஓட்டுநர்.

"கடைசியா எப்போ தூக்கின?"

யோசித்தார். "போன பூஜையில. எலுமிச்சம்பழம் நசுக்கணும்ல. சீட்டுல பெயின்ட் ஈரம், எப்பிடிக் குந்தறது? லீவரத் தூக்கினு நாலு பேரு தள்ளி வுட்டாங்க. ரெண்டு நாளு கழிச்சி எறக்கிட்டேன்."

"இறக்கும்போது லீவர்ல பெயின்ட் காஞ்சிருந்ததா?"

நான் வண்டிக்கு அடியில் படுத்தேன். அவர் கம்பை வைத்துவிட்டு, தரையில் என் பக்கத்தில் வந்து படுத்தார். டார்ச் அடித்துப் பார்த்தோம். லீவர் நகரும் பள்ளத்தில் நீலப் பெயின்ட் வழிந்து, நெல்லிக்காய் அளவுக்குத் திரண்டு கல்லாக இறுகியிருந்தது. லீவர் அதன்மேல் உட்கார்ந்திருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் கீழேதான் இருந்தது. கையேட்டுப் படத்தோடு ஒப்பிட்டால் ஒரு விரற்கடை உயரம் பாக்கி.

பூஜை முடிந்ததும் ஐப்பசி மழை, பிறகு மார்கழிக் குளிர். எண்ணெய் கெட்டியாக இருந்தவரை அந்தச் சின்னத் திறப்பில் கசிந்தது குறைவு. வெயில் ஏறியதும் எண்ணெய் நீர்த்து, எல்லாம் அந்த வழியாகவே சுற்ற ஆரம்பித்துவிட்டது.

"நானே என் வயித்துல அடிச்சிகினேனா சார்?" என்றார் படுத்தபடியே.

"பெயின்ட்தான் அடிச்ச" என்றேன்.

கட்டியை உளியால் பெயர்த்ததும் லீவர் டக்கென்று இறங்கியது. வெள்ளிக்கிழமை முழுவதும் எண்ணெய் வேலை. மெக்கானிக் ஊற்றியதை வடித்தோம். புது எண்ணெய் ஊற்றினோம். பின் சக்கரங்களைக் கட்டைமேல் தூக்கி வைத்து, உள்ளே இருந்த காற்று வெளியேறும் வரை அவர் பெடலை முன்னும் பின்னும் அழுத்திக்கொண்டிருந்தார். எண்ணெயில் வந்த நுரை மெல்ல அடங்கியது.

சனிக்கிழமை காயலான் கடைக்காரர் மினி லாரியோடு காலையிலேயே வந்து, சவுக்கு நிழலில் உட்கார்ந்தார். காலையில் ஓடுவது சோதனையே இல்லை என்று நான் சொன்னதால், உச்சி வெயிலில்தான் மேனேஜர் வந்தார். அதற்குள் வண்டி ஒரு மணி நேரம் புல் வெட்டி நன்றாகச் சூடேறியிருந்தது.

ஓட்டுநர் மேட்டைப் பார்த்துத் திருப்பினார். பாதி மேட்டில் எஞ்சின் சத்தம் கனத்தது. அங்கேதான் எப்போதும் நிற்கும். அவர் உடம்பை முன்னால் சாய்த்து ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டார். அதனால் வண்டிக்கு எந்தப் பயனும் இல்லை. வண்டி வேகம் குறையாமல் மேலேறி, உச்சியில் திரும்பி, வெட்டிய தடத்துக்குப் பக்கத்திலேயே நேராக இறங்கி வந்து எங்கள் முன் நின்றது.

"இன்னா சார், ஓடுற வண்டியத் தூக்கச் சொல்லிக்கீறீங்க" என்றார் காயலான் கடைக்காரர். வெறும் லாரியை ஓட்டிப்போவது அவருக்குப் பேஜாராக இருந்தது. நீச்சல் குளத்தோரம் துருப்பிடித்துக் கிடந்த நாற்காலிகளைக் காட்டினேன். ஏற்றிக்கொண்டு போனார்.

மேனேஜர் வண்டியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "நாளைக்கு ரெஸ்டாரன்ட் பக்கம் வெட்டிடுங்க" என்று ஓட்டுநரிடம் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

ஓட்டுநர் எஞ்சினை நிறுத்தவில்லை. கத்தியை இறக்கி, ரெஸ்டாரன்ட் பக்கம் திருப்பினார்.

"நாளைக்குத்தானே சொன்னார்?" என்றேன், சத்தத்துக்கு மேலே.

"நாளிக்கி அவருக்கு வேற இன்னாவாச்சும் தோணிடும் சார்" என்று சொல்லிவிட்டுப் பெடலை அழுத்தினார்.