சுவிட்ச் பெட்டியில் ஒரு கொலுசு

எங்கள் தோல் தொழிற்சாலையில் எது கெட்டாலும் காரணம் லினக்ஸ்தான். பிரிண்டர் பேப்பரைக் கடித்தால் லினக்ஸ். ஜெனரேட்டர் புகைந்தால் லினக்ஸ். கேன்டீன் சாம்பார் தண்ணீராக இருந்த ஒரு மத்தியானம், "இதுவும் உன் லினக்ஸ் வச்சதாப்பா?" என்று மேனேஜர் பாய் என்னிடம் கேட்டார். சிரிக்காமல் கேட்டார். அது அவர் பாணி.

ஆறு வருடத்துக்கு முன்னால் இங்கிருந்த எல்லா கம்ப்யூட்டர்களையும் ஒற்றை ஆளாக லினக்ஸ் என்ற இலவச ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு மாற்றியவன் நான். பெற்ற பிள்ளையை ஊரே கரித்துக்கொட்டினால் அப்பனுக்கு எப்படி இருக்கும்? அப்படித்தான் எனக்கும் இருக்கும். ரோஷம் கொஞ்சம் ஜாஸ்தி. அணைக்கட்டுப் பக்கம் பிறந்து, ராணிப்பேட்டையில் வேலை பழகி, ஆம்பூரில் வந்து உட்கார்ந்தவன். போன இடமெல்லாம் என் கோபத்தையும் டூல்ஸ் பையோடு சேர்த்துத் தூக்கிக்கொண்டுதான் போயிருக்கிறேன். அந்தக் கோபத்தால் ஒரு பெண்ணுக்கு நான் செய்யவிருந்த கெடுதலையும், அதை அவரே தடுத்து என்னைக் காப்பாற்றியதையும் எழுதிவைக்காவிட்டால் நான் நன்றி கெட்டவன்.

அவர் எங்கள் அளவு அறையில் வேலை செய்கிறவர். முடிந்த தோல்களை ஒவ்வொன்றாக அளவு மெஷினுக்குள் விடுவார். எத்தனை சதுர அடி என்று மெஷின் பார்த்துச் சொல்லும், பக்கத்தில் இருக்கும் லினக்ஸ் கம்ப்யூட்டர் அதை வாங்கி ஆபீஸுக்கு அனுப்பும். அளவு வந்து சேர்ந்தால்தான் பேக்கிங் நடக்கும். அதற்கு முன்னால் அவர் ஒன்பது வருடம் பஃபிங்கில் இருந்தவர். தோலை உப்புத்தாளில் தேய்த்து வழவழப்பாக்கும் இடம் அது. அங்கே பறக்கிற தூசி மாவு மில் தூசியை விட மோசம். அவருக்கு வீசிங் வந்துவிட்டது. ராத்திரியெல்லாம் உட்கார்ந்தே தூங்குகிறார் என்று தெரிந்ததும் மேனேஜர் பாய்தான் இரண்டு வருடத்துக்கு முன்னால் அவரை அளவு அறைக்கு மாற்றினார். இன்ஹேலர் இன்னும் அவர் பர்ஸிலேயே இருக்கிறது. ஆனால் எடுப்பது அபூர்வம்.

ஒரு திங்கட்கிழமை அந்த அறைக் கம்ப்யூட்டர் நெட்வொர்க்கிலிருந்து விழ ஆரம்பித்தது. காலையில் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை. இரண்டு நிமிடம் போகும், பிறகு தானே வரும். அதற்குள் அப்போது ஓடும் தோல் கட்டின் அளவெல்லாம் தொலைந்துபோகும். கட்டு முழுவதையும் அவிழ்த்து மறுபடி மெஷினுக்குள் விட வேண்டும். வெளிநாட்டுக்குப் போகவேண்டிய சரக்கு வேறு காத்துக்கிடந்தது. மேனேஜர் பாய் என் மேஜைக்கு வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அதற்குப் பதில் அவர் திட்டியிருக்கலாம்.

நான் போய்ப் பார்த்தால் எல்லாம் ஒழுங்காக ஓடும். டாக்டரைப் பார்த்ததும் காய்ச்சல் இறங்கிவிடும் பிள்ளை மாதிரி, சமர்த்தாகப் பச்சை விளக்கை மினுக்கிக்கொண்டிருக்கும். டிரைவர் சாஃப்ட்வேரைக் கழற்றி மறுபடி போட்டேன். நெட்வொர்க் கார்டையே மாற்றினேன். மறுநாள் பதினொன்றரைக்கு மறுபடி விழுந்தது. அந்த அறையிலிருந்த பிரிண்டரும் கொஞ்ச நாளாகவே இரண்டு தடவை சொன்னால்தான் அடித்தது. அதன் தலையெழுத்து அப்படி என்று விட்டுவிட்டேன்.

வியாழக்கிழமை உட்கார்ந்து லாக்கைப் பார்த்தேன். லாக் என்றால் கம்ப்யூட்டர் தனக்கு நடந்ததையெல்லாம் தானே எழுதி வைத்துக்கொள்ளும் குறிப்பு. 'லிங்க் டவுன்' என்று பதினொன்றரைக்கு ஒரு வரி, மூன்றேகாலுக்கு ஒரு வரி. நாலு நாளும் கிட்டத்தட்ட அதே நேரம். கேபிளைக் கையால் பிடுங்கினாலும் லாக்கில் இதே வரிதான் விழும். நிமிர்ந்து பார்த்தேன். கம்ப்யூட்டருக்குப் பின்னால் இருந்த பிளக்கில் அந்தம்மாவின் செல்போன் சார்ஜர் தொங்கியது. அவ்வளவுதான், எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது.

"சார்ஜர் சொருகும்போது கேபிளப் பிடிச்சு இழுக்கிறியாம்மா? நாலு நாளா நான் பைத்தியக்காரனாட்டம் சுத்திக்கினு இருக்கேன்!"

பேக்கிங் ஆட்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"நான் தொடவே இல்லண்ணா," என்றார் அவர்.

"லாக் பொய் சொல்லுமா? மெஷினுக்கு உன்மேல இன்னா விரோதம்?"

"தொடலண்ணா," என்று மறுபடி சொன்னார். குரல் உயரவில்லை. எனக்கு அதுவும் எரிச்சலாக இருந்தது.

கம்ப்ளைன்ட் நோட்டில் 'ஆபரேட்டர் கேபிளைப் பிடுங்கியதால் இணைப்பு துண்டிப்பு' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். சாயங்காலம் மேனேஜர் பாய் அதைப் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"இவ்ளோ பேஜாரு எதுக்கு? திங்கக்கெழமையில இருந்து அந்தம்மா பழையபடி பஃபிங்குக்கே போவட்டும். இங்க வேற ஆளப் போட்டுக்கலாம்."

நான் அங்கேயேதான் நின்றேன். பஃபிங்குக்குப் போனால் அவருக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். வாயைத் திறக்கவில்லை. டீ வந்தது, குடித்தேன். இன்றைக்கு நினைத்தாலும் அந்த டீ தொண்டையில் நிற்கிறது.

மறுநாள் வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர் என் அறைக்கு வந்தார். கையில் ஒரு பழைய காலண்டர் தாள். அதன் பின்பக்கம் நேரங்களை எழுதியிருந்தார்.

"அண்ணா, இன்னிக்கு என் போன கேட் செக்யூரிட்டிகிட்டயே குடுத்துட்டேன். சார்ஜரும் எடுத்துனு வர்ல. அப்படியும் விழுந்துச்சு. காலைல அதே பதினொன்னரை. ஆனா மத்தியானம் மூணேகாலுக்கு விழல. நாலேகாலுக்குத்தான் விழுந்துச்சு."

"அதுக்கு?"

"இன்னிக்கு ஜும்மாண்ணா. தொழுதுட்டு வந்துதானே சுண்ணாம்பு டிரம்மு ஓட்டுவாங்க? தினம் மூணேகாலுக்கு ஓட்டுற டிரம்ம இன்னிக்கு நாலேகாலுக்குத்தான் ஓட்டுனாங்க. அது சுத்த ஆரம்பிச்சா நம்ப கம்ப்யூட்டர் போவுது. நீ செவுத்துல கை வச்சுப் பாரு, உதறும்."

சுண்ணாம்பு டிரம் அளவு அறைக்குப் பின்சுவரை ஒட்டினாற்போல் இருக்கிறது. தோலிலிருந்து மயிரை எடுக்க, சுண்ணாம்பும் சல்பைடும் போட்டு ஊறவைத்துச் சுற்றவிடும் பெரிய மர டிரம். லாக்கைத் திறந்தேன். நாலேகால். நிமிடம்கூடப் பிசகவில்லை. ஒப்புக்கொள்ள மனசு வரவேண்டுமே?

"செவுரு உதறுனா கேபிள் ஏம்மா போவணும்? ஊர்ல எத்தினி செவுரு உதறுது!"

அவர் குனிந்து சேலையைக் கணுக்காலுக்கு மேல் கொஞ்சம் தூக்கிக் கொலுசைக் காட்டினார்.

"இதப் பாருண்ணா. காலைலதான் துண்ணூறு போட்டுத் தேய்ச்சேன். செவ்வாக்கெழமைக்குள்ள கறுத்துடும். பஃபிங்ல ஒம்போது வருசம் இருந்தேன், இப்படிக் கறுத்ததில்ல. இந்த ரூமுக்கு வந்தப்புறம்தான் கறுக்குது. செவுத்துக்கு அந்தாண்ட இருந்து இன்னாவோ வருது. வெள்ளியே கறுக்குதுன்னா உன் கேபிள்ல இருக்கிற கம்பி கறுக்காதா?"

"வெள்ளி வேற, கேபிள் வேறம்மா," என்றேன். படித்தவன் இல்லையா, அப்படித்தான் பேசுவேன்.

அவர் திருகைக் கழற்றி, ஒரு காலின் கொலுசை என் மேஜைமேல் வைத்தார்.

"இத உன் சுவிட்ச் பெட்டிக்குள்ள வச்சுப் பூட்டு. சாவி உன்கிட்டதானே இருக்கு, என்கிட்ட இல்லியே. நாளைக்குக் காலைல தொறந்து பாரு. இன்னொன்னு என் கால்ல இருக்கும்."

சுவிட்ச் பெட்டி என்பது அந்தப் பின்சுவரில் நான் மாட்டியிருந்த சின்ன இரும்பு அலமாரி. அளவு அறைக்கும் பிரிண்டருக்கும் போகும் கேபிள்கள் அதற்குள் இருக்கும் நெட்வொர்க் சுவிட்சில்தான் சேருகின்றன. வேண்டாவெறுப்பாகக் கொலுசை அந்தச் சுவிட்சின்மேல் வைத்துப் பெட்டியைப் பூட்டினேன். சோதனைக்காக அல்ல. சனிக்கிழமை காலை அவரிடமே அதைப் பளபளவென்று நீட்டி, பேச்சை முடித்துவிடலாம் என்றுதான்.

சனிக்கிழமை திறந்தேன். கொலுசு சட்டிக் கரி மாதிரி கிடந்தது. அவர் பக்கத்தில் வந்து நின்றார். காலில் இருந்த இன்னொன்று லேசாகப் பழுப்பேறியிருந்தது, அவ்வளவுதான். ஒரே ராத்திரி. பூட்டிய பெட்டி. என் சாவி.

கேபிளைப் பிடுங்கி டார்ச் அடித்தேன். பிளக்குக்குள் எட்டுக் கம்பி வரிசையாக மின்னவேண்டிய இடத்தில் எட்டும் கறுப்பு. மேல்பூச்சு போய்ச் செம்பு அரித்திருந்தது. இரண்டு வருடமாகக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்து, இப்போது நூலிழையில் ஒட்டிக்கொண்டிருந்தது. டிரம் சுற்றிச் சுவர் உதறினால் அந்த ஒட்டும் விட்டுப்போகும். பிரிண்டர் கேபிளும் அதே கதி.

மறுபடி லாக்கைப் படித்தேன், இந்தத் தடவை வரியின் கடைசிவரை. ஒவ்வொரு தடவையும் இணைப்பு திரும்பி வரும்போது வேகம் 'ஆயிரம்' என்று இருக்கவேண்டிய இடத்தில் 'நூறு' என்று எழுதியிருந்தது. கையால் பிடுங்கிச் சொருகினால் அது முழு வேகத்தில் வரும். கம்பி கெட்டால்தான் இப்படி நொண்டிக்கொண்டு வரும். எந்தப் பயிற்சிப் பையனும் இதைச் சொல்வான். லாக் பொய் சொல்லவில்லை. நடந்ததை மட்டும்தான் எழுதியிருந்தது. 'ஆபரேட்டர்' என்று சேர்த்து எழுதியது நான்.

அதைவிடக் கேவலம் ஒன்று பாக்கி இருந்தது. பெட்டிக்குப் பின்னால் கையை விட்டேன். சுவரில் ஒரு செங்கல் இல்லை. அதை எடுக்கச் சொன்னவன் நான். இரண்டு வருடத்துக்கு முன்னால் நம் ஊர் வெயிலில் சுவிட்ச் சூடாகிச் சூடாகி நின்றுபோனது. காற்று வரட்டும் என்று கொத்தனாரை விட்டு ஒரு ஓட்டை போடச் சொன்னேன். ஓட்டைக்கு அந்தப் பக்கம் சுண்ணாம்பு டிரம். சல்பைடு ஆவி நேராக என் சுவிட்சின் மூஞ்சியில் அடித்துக்கொண்டிருந்தது. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் அந்த இடத்தில் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு ஓடுவார்கள், அழுகிய முட்டை நாற்றம் என்பார்கள். எனக்கோ, கொத்தனாருக்கோ, மேனேஜர் பாய்க்கோ அங்கே ஒரு நாற்றமும் தெரியாது. இந்தப் பக்கத்துக்காரன் எவனைக் கேட்டாலும், "எங்கப்பா நாறுது?" என்றுதான் கேட்பான். வேறு ஊர்க்காரனாக இருந்தால் அந்த இடத்தில் அந்த ஓட்டையைப் போட்டிருக்கவே மாட்டான். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் மட்டும் வந்துவிடும், மோப்பம் வராது.

நேராகப் பேக்கிங்குக்குப் போனேன். மேனேஜர் பாய் அங்கே இருந்தார். வியாழக்கிழமை யார் யார் முன்னால் கத்தினேனோ, அவர்கள் எல்லாரும் இருந்தார்கள். கத்தினது அத்தனை பேர் முன்னால் என்றால், சொல்லவேண்டியதும் அத்தனை பேர் முன்னால்தானே?

"பாய், அந்தம்மா கேபிளத் தொடல. செவுத்துல ஓட்ட போட்டு எல்லாத்தையும் கெடுத்தது நான்தான். கண்டுபுடிச்சதும் நான் இல்ல, அந்தம்மாதான்."

கறுத்த கொலுசைக் காட்டினேன். அவர் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் வீட்டுப் பெண்களும் வெள்ளி போடுகிறவர்கள்தான். விளக்கம் தேவைப்படவில்லை.

"அப்ப திங்கக்கெழம பஃபிங்குக்கு உன்ன அனுப்பட்டா?"

"அனுப்புங்க பாய்."

நிஜமாகத்தான் சொன்னேன். அவர் கம்ப்ளைன்ட் நோட்டை எடுத்து என் வரியை அவரே கோடு போட்டு அடித்தார்.

"போ. மொதல்ல அந்தம்மாகிட்ட சொல்லு."

அந்தம்மா மெஷினுக்குள் தோலை விட்டுக்கொண்டிருந்தார். நிறுத்தவில்லை.

"தப்பு பண்ணிட்டேம்மா. நீ எங்கயும் போவேணாம், இங்கயே இரு. மன்னிச்சுக்கோ."

இன்னும் இரண்டு தோலை உள்ளே விட்டார். மூன்றாவதை எடுக்கும்போது கை நின்றது.

"ரெண்டு நாளா எனக்குத் தூக்கம் இல்லண்ணா. மூச்சு முட்டுனா எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியுமா? தண்ணிக்குள்ள தலைய அமுக்குனாப்பல இருக்கும்." கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு கையை நீட்டினார். "கொலுசக் குடு."

கடையில் கொடுத்துப் புதுசு மாதிரி பண்ணித் தருகிறேன் என்றேன். "துண்ணூறு போதும்" என்றார். அப்போது அதிலிருந்து ஒரு மணி கழன்று அவர் உள்ளங்கையில் விழுந்தது. அதை என்னிடம் கொடுத்து, "இத பெட்டியிலயே போட்டு வை. கறுத்தா உனக்கே தெரியும், என்னைக் கேக்க வேணாம்" என்றார்.

அன்று மத்தியானமே ஓட்டையைச் சிமென்ட் வைத்து நானே அடைத்தேன். பெட்டியை எதிர்ச் சுவருக்கு மாற்றினேன். புது சுவிட்ச், புது கேபிள், புது பிளக். திங்கட்கிழமை பதினொன்றரைக்கு டிரம் சுற்றியபோது நான் சுவரில் கை வைத்துக்கொண்டு அங்கேயே நின்றேன். சுவர் உதறியது. பச்சை விளக்கு அசையவில்லை. அவர் அளவு அறையிலேயே உட்கார்ந்திருந்தார். அதைப் பார்த்ததும் எனக்கு வந்த நிம்மதியை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. வெளியே போய் ஒரு டீ குடித்தேன். அது இறங்கியது.

இப்போது தொழிற்சாலையில் உள்ள ஒவ்வொரு சுவிட்ச் பெட்டியிலும் ஒரு சின்ன வெள்ளி மணியை நூலில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். மாதம் ஒரு தடவை டார்ச் அடித்து நிறத்தைப் பார்க்கிறேன். கறுக்க ஆரம்பித்த இடத்தில் கேபிள் கெடுவதற்கு முன்னாலேயே பெட்டியை மாற்றிவிடுகிறேன். முதல் மணி அவருடையது, மற்றவை நான் வாங்கியவை. என் வேலையில் இதைவிட உருப்படியான கருவி என்னிடம் இல்லை. கடவுள் அந்தம்மாவை நல்லா வைக்கட்டும்.

அளவு அறையில் இப்போதும் எப்போதாவது ஏதாவது நின்றுபோகும். எலி கடிக்கும், கரண்ட் போகும். அவர்தான் போன் செய்வார். மணியடித்ததும் எடுத்து, "சொல்லும்மா" என்பேன். இன்றுவரை அவர் என்ன கெட்டது என்று முதலில் சொன்னதே இல்லை.

"அண்ணா, நான் தொடல," என்றுதான் ஆரம்பிப்பார். சிரித்துக்கொண்டுதான் சொல்கிறார்.

"தெரியும்மா," என்பேன். ஒவ்வொரு தடவையும்.