ஏணியைப் பிடித்த மச்சான்

குனோங் ராபாட்டில் மாடி வைத்த ஆபீஸ், வாசலில் இரண்டு வேன், சாவி வாங்கும் முன் புது வீட்டைப் பார்த்துக் குறை சொல்லும் தொழிலில் பேராக் மாநிலம் முழுக்க ஒரு பேர். எல்லாம் ஓர் அலுமினிய ஏணியிலிருந்து வந்தவை. பீடோர் பக்கத்துத் தோட்டப் பள்ளியில் ஆறாம் ஆண்டோடு நின்றவன் நான். பேங்க் கைவிரித்தது, சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். செய்து காட்டினேன். இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் கிடையாது.

ஆனால் அந்த ஏணியை நினைத்தால், கீழே அதைப் பிடித்திருந்த இரண்டு பருத்த கைகள்தான் முதலில் வருகின்றன. என் மனைவியின் தம்பி, என் மச்சான். கட்டட டிப்ளோமா படித்தவர். குறை அறிக்கையில் பதிவு பெற்ற ஆய்வாளரின் கையெழுத்து இருந்தால்தான் வீடு கட்டும் கம்பெனிகள் மதித்தன. பதிவுக்கோ படிப்பு வேண்டும். ஆகவே பதிவும் அவர் பேரில், கம்பெனிப் பெயர்ப்பலகையும் அவர் பேரில். ஏணி ஏறுவதென்றால் மட்டும் மச்சானுக்குத் தொடை நடுங்கும். நான் கூரைக்குள் புகுந்து டார்ச் அடித்து, ஓடு விலகிய இடம், தண்ணீர் இறங்கிய இடம் என்று கத்துவேன். "போட்டோ எடுங்க மச்சான், கத்துனா பத்தாதுலா" என்பார் கீழேயிருந்து.

கோப்பெங்கில் ஒரு டீச்சர் வாங்கிய வீடு. வீட்டைக் கட்டிய கம்பெனியின் மேனேஜர் என்னை மறித்தார். "அண்ணே, உங்களுக்குப் பதிவு இருக்கா? இல்லன்னா ஏற முடியாது."

மச்சான் ஏணியை விடவில்லை. "எனக்குப் பதிவு இருக்கு, ஏற தைரியம் இல்ல. அவரு ஏறலன்னா நான் சைன் போட மாட்டேன். டீச்சரும் சாவி வாங்க மாட்டாங்க. எப்படி, போலாமா?"

டீச்சர் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். மேனேஜர் விலகினார். ஏறிப் பார்த்தால் குளியலறைக்கு மேலே குழாய் ஒழுகி, சீலிங் பலகை ஊறி உப்பியிருந்தது. மாற்றிக் கொடுத்த பிறகுதான் சாவி கைமாறியது. புதுமனை புகுவிழாவில் பால் பொங்கியதும் டீச்சர் மச்சானுக்கு மாலை போட்டார். அவர் அதைக் கழற்றி என் தலை வழியாக இறக்கிவிட்டார். "எனக்குக் கழுத்து பெருசு மச்சான், உங்களுக்குத்தான் அளவு."

மச்சான் போன வருடம் காலமாகிவிட்டார். பட்டம் படித்துப் பதிவும் வாங்கிய அவர் மகன்தான் இப்போது கம்பெனியை நடத்துகிறான். அடுத்த மாதம் திறக்கப்போகும் புதுக் கிளைக்குக் கல்வெட்டு அடித்திருக்கிறான். தோற்றுநர் என்று அப்பா பேர் மட்டும். கேட்டேன். "மாமா, பதிவு உள்ளவங்க பேருதான் போட முடியும். ரூல்ஸ்லா." அந்த ரூல்ஸ் அறிக்கைக்கு. கல்லுக்கு எந்த ரூல்ஸ்?

இப்போது அவர்கள் கூரையைப் பார்க்க ட்ரோன் விடுகிறார்கள். பழைய ஏணி ஆபீஸ் பின்கட்டில் சாய்ந்து கிடக்கிறது. எனக்கு வேண்டியது ஒரு வரி. ஏணியைப் பிடித்தவர் பேர் முதலில் இருக்கட்டும், அது அவருக்கு உரியது. அதற்கு அடுத்த வரியில் ஏறியவன் பேரை வெட்டுங்கள். திறப்பு விழாவுக்கு முன்னால்.