பேப்பர்க்காரர் போட்ட பலகை

மோட்டார்களுக்குச் செம்புக் கம்பியைச் சுற்றிக் காயில் கட்டுகிற அவரைத் தெருவில் பேப்பர்க்காரர் என்றுதான் சொல்வார்கள். புதிதாகக் குடிவந்தவர்கள் செய்தித்தாள் போடச் சொல்லிக் கேட்டு அசடு வழிந்ததுண்டு. அவருடைய பேப்பர் வேறு. மோட்டாரின் இரும்புக்கும் செம்புக் கம்பிக்கும் நடுவே செருகுகிற பேப்பர். அது கிழிந்தால் மின்சாரம் இரும்பில் ஏறிவிடும். வந்த பேப்பரை மடித்துப் பார்ப்பார். மடிப்பில் வெடித்தால் கட்டோடு திருப்பி அனுப்புவார். செம்புக்குப் பதில் அலுமினியக் கம்பி போதும் என்று யாராவது சொன்னால் தொலைந்தார்கள்.

"அப்ப வேற கடை பாருங்க. நான் கட்டின மோட்டார் ஷாக் அடிச்சுதுன்னு ஒரு பேச்சு வரக்கூடாது."

இவ்வளவு கறாரான மனிதர் தன் வீட்டுத் தண்ணீர் மோட்டாரை எதை வைத்துக் கட்டினார் தெரியுமா? மிச்சம் மீதியை வைத்து. நறுக்கி விழுந்த பேப்பர் துண்டுகள், டப்பா அடியில் கெட்டிப்பட்ட வார்னிஷ். கசிகிற மின்சாரத்தை மண்ணில் இறக்குகிற எர்த் கம்பி 'அப்புறம் பார்க்கலாம்' என்று நின்றுபோனது. நம் வீடுதானே என்கிற இந்த அலட்சியம் இந்தத் தொழில்காரர்களைப் பிடித்த நோய். சொன்னால் கோபித்துக்கொள்வார்கள்.

வீட்டில் அவரும் அக்காவும் மட்டும். அவருக்கு நாலு வயதில் அம்மா போனதிலிருந்து, தனக்குக் கல்யாணமே வேண்டாம் என்று அவரை வளர்த்து ஆளாக்கியவர் அக்கா.

"தம்பி, மோட்டாரைத் தொட்டா சுர்ருங்குதுடா."

"ஞாயித்துக்கிழமை பிரிச்சுப் பார்க்கிறேன்க்கா."

எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள் போயின. கடைசியில் மோட்டார் பக்கத்தில் ஒரு பலகையைக் கொண்டுவந்து போட்டார்.

"நல்லா காஞ்ச மரம்க்கா. இதுமேல நின்னுக்கோ. ஒண்ணும் பண்ணாது."

"நீ சொன்னா சரிதான்."

அவர் சொன்னது பொய்யில்லை. காய்ந்த மரம் மின்சாரத்தை விடாது. ஆனால் அந்தக் கிழட்டு மோட்டார், தினமும் அதன் வாயில் ஒரு குவளை தண்ணீர் ஊற்றினால்தான் இழுக்கும். ஊற்றுவது அக்கா, சிந்துவது பலகையில். ஊறிய மரம் எதையும் தடுக்காது என்பது பேப்பர்க்காரருக்குத் தெரியாதா? கடையில் ரப்பர் விரிப்பின் மேல் நின்று வேலை செய்கிறவர் அவர். ஈரக் கையோடு ஒருவரையும் உள்ளே விடமாட்டார். வீட்டுப் பலகை மட்டும் அவர் நினைப்பில் வரவே இல்லை.

ஒரு காலை, பக்கத்து வீட்டுக்காரர் மூச்சிரைக்கக் கடைக்கு ஓடிவந்தார். பேப்பர்க்காரர் வீட்டுக்கு வந்தபோது யாரோ ஃபியூஸைப் பிடுங்கியிருந்தார்கள். அக்கா உயிர் போய்ச் சரிந்து கிடந்தார். குவளை உருண்டு கிடந்தது. விழுந்த பிறகும் இரண்டு பாதங்களும் பலகையின் மேலேயே இருந்தன. தம்பி சொன்னபடியே நின்றிருக்கிறார். பேப்பர்க்காரரால் அதைத்தான் தாங்க முடியவில்லை.

ஒரு மாதம் கடை திறக்கவில்லை. திறந்த அன்று முதல் வேலையாக வீட்டு மோட்டாரைப் பிரித்தார். நல்ல பேப்பர், புதுச் செம்புக் கம்பி, இரண்டு முறை வார்னிஷ், எர்த் கம்பி. ஒரு குறை வைக்கவில்லை. வீட்டில் மாட்டி, தண்ணீர் ஊற்றி, சுவிட்சைப் போட்டார். செருப்பைக் கழற்றிவிட்டு ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று, மோட்டாரின் மேல் உள்ளங்கையை வைத்தார். சுர்ரென்று கூட இல்லை.

"அக்கா, இப்ப வந்து தொட்டுப் பாரு" என்று அடுப்படிப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்.

கொடுத்த பிறகுதான் நினைவு வந்தது. தொட்டி நிரம்பி வழிந்தும் அவர் மோட்டாரை நிறுத்தவில்லை.