மலைமேல் இருந்து பார்த்த புகை

மூன்று வருஷத்துக்கு முன்னால், சித்திரை வெயில் கொளுத்திக்கொண்டிருந்த நேரம். ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் மலையடிவாரத்தில் வனக்காப்பாளராக நான் வேலைக்குச் சேர்ந்து ஒரு மாசம்கூட ஆகியிருக்காது.

எனக்குச் சொந்த ஊர் திருத்தங்கல். அப்பா இல்லை. அம்மா சிவகாசியை ஒட்டிய விஸ்வநத்தத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்க்கிறார். அந்தச் சம்பளத்தில்தான் நான் சுற்றுச்சூழல் அறிவியலில் பட்டம் வாங்கினேன். படிப்பு முடிந்ததும் ஃபேன் காற்றில் உட்கார்ந்து பார்க்கிற வேலைக்கு மகள் போவாள் என்று அம்மாவுக்கு ஆசை. எனக்கு வனத்துறையிலிருந்து ஆர்டர் வந்தது.

"யானையும் சிறுத்தையும் அலையிற காட்டுக்கு அனுப்பவா உன்னையப் படிக்க வச்சேன்?" என்று அம்மா அழுதார்.

"நீ பாக்குறது மட்டும் ரொம்பப் பத்திரமான வேலையாக்கும்!" என்று நானும் கத்தினேன்.

அதோடு அம்மா பேச்சைக் குறைத்துக்கொண்டார். போன் செய்தால் "சாப்பிட்டியா?", "ம்", அவ்வளவுதான்.

அது காட்டுத்தீ பரவுகிற காலம். தீ தாண்டாமல் இருப்பதற்காகக் காய்ந்த புல்லை வெட்டி வெறுந்தரையாகக் கோடு போட்டு வைப்போம். அன்றைக்குக் காலையில் அதைப் பார்வையிட எங்கள் வனவரும் வேட்டைத் தடுப்புக் காவலர் ஒருவரும் நானும் மலை ஏறினோம். மதியம் ஒரு பாறையில் உட்கார்ந்து சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்தபோதுதான் கீழே சமவெளியைப் பார்த்தேன்.

சிவகாசிப் பக்கம் வெள்ளைப் புகை எழும்பி நின்றது.

குப்பை எரிந்தால் புகை மெதுவாகச் சாய்ந்து போகும். இது ஒரே மூச்சில் மேலேறிக் குடை மாதிரி விரிந்தது. கொஞ்ச நேரம் கழித்து, எங்கோ இடி இடித்த மாதிரி 'தொம்' என்று ஒரு சத்தம். எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு இந்தச் சத்தத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை. பள்ளிக்கூடத்தில் பாடம் நடக்கும்போது கேட்டால் மொத்த வகுப்பும் வெளியே ஓடி, புகை எந்தத் திசையில் என்றுதான் பார்ப்போம்.

அன்றைக்கு அது அம்மா வேலை பார்க்கிற திசையில் இருந்தது.

போனை எடுத்தால் டவர் இல்லை. வனவர் விஷயத்தைக் கேட்டதும் பாதிச் சாப்பாட்டிலேயே எழுந்துவிட்டார். மூன்று பேரும் வேகமாக இறங்கினோம். பாதி வழியில், முன்னால் போன காவலர் சட்டென்று கையைத் தூக்கினார். கீழே ஓடையில் கொஞ்சம் தண்ணீர் தேங்கியிருந்தது. அதைச் சுற்றி யானைக் கூட்டம், குட்டியோடு. எங்கள் பாதை அதன் வழியாகத்தான் போகிறது. வனவர் வாக்கிடாக்கியில் அடிவாரத்தில் இருக்கிற எங்கள் செக்போஸ்ட்டுக்குத் தகவல் சொன்னார். சொல்லி முடிப்பதற்குள் அதுவும் கரகரத்து நின்றுபோனது.

"சார், எங்கம்மா அங்கன வேலை பாக்குறாக சார்..."

"தெரியுதும்மா. நீ முழுசா இறங்குனாத்தான அம்மாவப் போய்ப் பாக்க முடியும்? பொறு."

புத்திக்கு அது புரிந்தது. கால் கேட்கவில்லை. பக்கத்துச் சரிவில் இறங்கிவிடலாம் என்று நாலடி வைத்தேன். ஒரு கல் உருண்டது. குட்டிக்குப் பக்கத்தில் நின்ற பெரிய யானை திரும்பி, காதை விரித்துக்கொண்டு எங்களை நோக்கி வந்தது. காவலர் என் சட்டையைப் பிடித்து இழுத்துப் பாறைக்குப் பின்னால் தள்ளினார். மூச்சை அடக்கிக்கொண்டு கிடந்தோம். மண்ணை அள்ளித் தலையில் போட்டுக்கொண்டு வெகுநேரம் அங்கேயே நின்றது யானை. பிறகு என்ன நினைத்ததோ, குட்டியிடம் திரும்பிப் போய்விட்டது.

கூட்டம் நகர்ந்து வழி விட்டபோது வெயில் சாய்ந்திருந்தது. அதுவரை நான் தொப்பியை வாயில் கவ்விக்கொண்டு அழுதேன்.

செக்போஸ்ட் கண்ணில் பட்டதும் ஓடினேன். எதிரே ஒரு பெண் என்னைப் பார்த்து ஓடி வந்தார். கிட்டத்தில் வந்த பிறகும் நம்ப முடியவில்லை. அம்மா!

முதலில் முதுகில் ஓர் அடி. அப்புறம்தான் கட்டிப்பிடித்தார்.

"வழியில யானை மறிச்சு நிக்குது, போனவுக ஒருத்தரும் இறங்கலன்னு சொல்றாக. ஈரக்கொலையே நடுங்கிப்போச்சுடி!"

"நீ... வேலைக்குப் போகலயா?"

"உன்னையப் பாக்கணும்போல இருந்துச்சு. லீவு சொல்லிட்டு பஸ் ஏறிட்டேன்."

வெடி விஷயமே அம்மாவுக்குத் தெரியவில்லை. நான் சொன்னதும் முகம் வெளுத்துவிட்டது. டவர் கிடைக்கிற இடம் வரை ரோட்டோரமாக நடந்து போய், கூட வேலை பார்க்கிற அக்காவுக்குப் போன் போட்டோம். பக்கத்துக் கம்பெனியில் ஒரு ஷெட் வெடித்திருந்தது. எல்லோரும் சாப்பிட வெளியே வந்திருந்த நேரம். இரண்டு பேருக்குக் காயம், உயிருக்கு ஒன்றும் இல்லை. அம்மா கம்பெனியில் சன்னல்கள் அதிர்ந்ததோடு சரி. அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்து, "எம்புட்டு நல்ல சேதி சொன்ன, தாயி" என்று போனிலேயே அழுதார்.

திரும்பி வந்து, எனக்காகக் கொண்டுவந்த புளிசாதத்தை எல்லோருக்கும் பங்கு வைத்தார். "இவ ஒழுங்கா வேலை பாக்குறாளா சார்?" என்று வனவரிடம் கேட்டார்.

"வேலையெல்லாம் பாக்குது. சொன்ன பேச்சத்தான் கேக்க மாட்டேங்குதும்மா."

"வீட்டுலயும் அப்படித்தான் சார்."

அன்றைக்கு நாங்கள் சிரித்த மாதிரி அதற்கப்புறம் சிரித்ததில்லை.

அம்மா அன்றைக்கு வேலைக்குப் போயிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது என்று இப்போது தெரியும். மலைமேல் நின்றபோது தெரியாதே. அவர் இன்னும் அதே கம்பெனியில்தான் இருக்கிறார், நான் இன்னும் காட்டில்தான். வேலையை விடச்சொல்லி நாங்கள் ஒருவரையொருவர் கேட்பதில்லை. ஆனால் பொழுது சாய்ந்ததும் "வந்துட்டேன்" என்று அம்மாவிடமிருந்து போன் வருகிற வரை எனக்கு இருப்புக் கொள்ளாது. என் குரலைக் கேட்கிற வரை அவருக்கும் அப்படித்தான் என்பதை அந்த ஒரு நாள் எனக்குப் புரியவைத்தது.