டீச்சர் காரின் பின்னால்

நுவரெலியாவில் கார்ப் பந்தயப் பயிற்சி நாட்களில் மட்டும் அந்தப் பள்ளிக்கூட டீச்சரைப் பார்ப்பேன்; அவரும் பந்தயக்காரர். ஒல்லி உருவம், முழங்கைவரை மடித்த பச்சை ஸ்வெட்டர். ஓட்டி முடித்து இறங்கியதும், அடுப்பில் குளிர்காய்வதுபோல் சக்கரத்தருகே கையை நீட்டி பிரேக் சூட்டைப் பார்ப்பார்.

என்னுடையதும் அதே மாடல் கார்தான். அவரைப் பார்த்தே பிரேக் சூடு தணிய பம்பரிலிருந்து அதற்குக் காற்றுக்குழாய் போட்டேன், அவருடையதைவிடப் பெரிதாக. இருந்தும் என் பிரேக்தான் புகைந்தது.

ஒருநாள் கேட்டேவிட்டேன். "டீச்சர், வேற என்னமோ செஞ்சிருக்கீங்க. மறைக்கிறீங்க."

குனிந்து என் குழாயைப் பார்த்தார். "நல்லாத்தானே போட்டிருக்கீங்கண்ணே. என் வண்டி பின்னாலயே ஒட்டிக்கிட்டு வந்தா காத்து எப்படி வரும்? என் சூடுதான் வரும்."

அடுத்த முறை தள்ளியே ஓட்டினேன். பிரேக் புகையவே இல்லை. இரண்டு வளைவுக்குள் அவர் கார் கண்ணிலிருந்து மறைந்தது. புகைந்த பிரேக்கே தேவலை என்றிருந்தது.