ஸ்டேஷனுக்கும் அவருக்கும் நடுவில் ஒரு சுவர்

எங்கள் பறக்கும் ரயில் ஸ்டேஷனுக்குப் புது பெயிண்ட், புது லைட். ரயில் இனி பரங்கிமலை வரை போகுமாம். புது வாசலை எங்கள் குடிசைத் தெருப் பக்கம் திறந்திருக்கிறார்கள்.

பக்கத்து அபார்ட்மென்ட்டுக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு சுவர். "கண்ட ஆளுங்க உள்ள வராங்க" என்று அபார்ட்மென்ட் செகரட்டரி அங்கே வீடுவீடாகக் கையெழுத்து வாங்கிக் கட்டியது. அன்றிலிருந்து அம்மா அந்த அபார்ட்மென்ட்டில் வீட்டு வேலைக்குச் சுற்றித்தான் போகிறாள்.

இன்று காலை அதே செகரட்டரி, வேர்க்க விறுவிறுக்க, மனுவோடு என் வாசலில் நின்றார்.

"சுவத்துல ஒரு கேட் வச்சா ஸ்டேஷன் ரெண்டே நிமிஷம்மா. உங்க தெரு ஆளுங்க கையெழுத்து வேணும்."

பேனாவை வாங்கி, மூடி போட்டு, திருப்பிக் கொடுத்தேன்.

"கண்ட ஆளுங்க கையெழுத்து எதுக்கு சார்? சுத்திக்கினே போங்க."

நான் செய்தது தப்பு என்பவர்கள், அந்தச் சுவரை ஒருமுறை சுற்றி நடந்துவிட்டு வந்து கமென்ட் போடுங்கள்.