படுக்கையருகே வந்த நோட்டரி

மருத்துவமனைப் படுக்கையில் கிடந்த என் கூட்டாளியிடம் ஒரு பத்திரத்தைப் பற்றிப் பொய் சொல்லிக் கையெழுத்து வாங்கினேன். நோட்டரி பக்கத்தில் நிற்கும்போதே வாங்கினேன். பிறகு அவன் மனைவியிடமும் ஒரு பொய் சொன்னேன். இரண்டில் எது பெரிது என்று இப்போது கேட்டால், இரண்டாவது என்பேன்.

ஷார்ஜா தொழில்பேட்டையில் எங்களுக்கு ஒரு கராஜ் இருந்தது. நான் பி.காம். படித்தவன். லைசென்ஸ், வாடகை, விசா எல்லாம் என் வேலை. அவன் புதுக்கோட்டைப் பக்கம். வண்டி வேலை முழுக்க அவன் பொறுப்பு. என்னைவிட இளையவன், அண்ணே என்றுதான் கூப்பிடுவான். ஆளுக்குப் பாதிப் பங்கு. அந்தப் பங்கை வைத்துத்தான் அவனுக்கு விசா, அவன் விசாவை வைத்து மனைவிக்கும் மகளுக்கும் விசா. மகள் அங்கேயே பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள்.

கராஜை முழுதாக வாங்கிக்கொள்கிறேன் என்று ஒருவர் வந்தார். எனக்கு அலுத்துப் போயிருந்தது. அவன் ஒப்பவில்லை.

"வித்துட்டு? ஊருல போயி நீங்க ஆடு மேய்ங்க, நான் மாடு மேய்க்கிறேன். வேலையப் பாருங்கண்ணே" என்று சிரித்துவிட்டு வண்டிக்கு அடியில் போய்விட்டான்.

அதன் பிறகு சில வாரங்களில் ஜாக் நழுவி வண்டி அவன் இடுப்பில் இறங்கியது. லைசென்ஸ் புதுப்பிக்க வேண்டிய நேரம். அவனால் எங்கும் போய்க் கையெழுத்துப் போட முடியாது. அப்போதுதான் அரசாங்கக் காகிதங்கள் தயாரித்துக் கொடுக்கும் டைப்பிங் சென்டரில், நடமாட முடியாதவர்கள் இருக்கும் இடத்துக்கே நோட்டரி வருவார் என்று சொன்னார்கள்.

வேலை எளிதுதான். அவனுக்குப் பதிலாக நான் கையெழுத்துப் போட அதிகாரம் தரும் பத்திரம் அரபியில் தயாராக இருக்க வேண்டும், பக்கத்தில் ஆங்கிலமும் இருக்கலாம். எமிரேட்ஸ் ஐடி கையில் இருக்க வேண்டும். கையெழுத்துப் போடுகிறவர் தெளிவாகப் பேசும் நிலையில் இருக்க வேண்டும். அவருக்கு இரண்டு மொழியும் தெரியாது என்றால் மொழிபெயர்ப்பாளர் கூட வருவார். லைசென்சுக்கு மட்டுமா, எல்லாவற்றுக்குமா என்று டைப்பிங் சென்டர்காரர் கேட்டார். எல்லாவற்றுக்கும் என்றேன். பங்கை விற்கும் அதிகாரம் வேண்டுமானால் அதைத் தனியாக எழுத வேண்டும் என்றார். எழுதுங்கள் என்றேன். அதைச் சொல்லும்போது என் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

அவன் மனைவி, மகளை ஸ்கூல் பஸ்ஸிலிருந்து கூட்டிவர மதியம் வெளியே போவாள். அந்த நேரத்தைத்தான் கேட்டு வாங்கினேன்.

நோட்டரி, அரபிகள் போடும் நீள அங்கியான வெள்ளைக் கந்தூராவில் வந்தார். மரியாதையான மனிதர், நோயாளிக்கு முதலில் ஸலாம் சொன்னார். கூட வந்த மொழிபெயர்ப்பாளர் மலையாளி. அடுத்து அஜ்மானில் ஒரு வீட்டுக்குப் போக வேண்டும் என்று வரும்போதே சொல்லிவிட்டார்.

"மலையாளம் மனசிலாகுமோ?" என்று அவர் என் கூட்டாளியிடம் கேட்டார்.

"வண்டி ரிப்பேருக்குள்ள மலையாளம் தெரியும் சேட்டா. பத்திர மலையாளம் தெரியாது."

மூவரும் சிரித்தோம். அந்தச் சிரிப்புக்குள்ளேயே நான், "நான் தமிழ்ல சொல்லிடறேன் பாய், சீக்கிரம் முடியும்" என்றேன். அவர் தாளை என்னிடம் கொடுத்தார். கொடுத்திருக்கக் கூடாது. ஆனால் அவரை நான் குறை சொல்லப் போவதில்லை.

எட்டுப் பத்திகள் இருந்தன. நான் எல்லாவற்றையும் ஒரு வாக்கியமாக்கினேன். "லைசென்சு ரினியூவலுக்குடா. உனக்குப் பதிலா நான் போய் நிக்கலாம்னு எழுதியிருக்கு."

"இவ்வளவுக்கா இத்தனை பக்கம்?"

"கவர்மென்ட்டு பேப்பர்னா அப்படித்தான்."

நோட்டரி குனிந்து அவன் முகத்தைப் பார்த்து, "முவாஃபிக்?" என்று கேட்டார். சம்மதமா என்று அர்த்தம். எங்கள் ஆட்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. சீருடையோ கந்தூராவோ எதிரில் நின்று ஏதாவது கேட்டால், கேள்வி முடிவதற்குள் ஆமாம் என்று சொல்லிவிடுவோம். சந்தேகம் கேட்டால் காகிதம் நின்றுபோகும், காகிதம் நின்றால் விசா நின்றுபோகும் என்று ஒரு பயம். அவனும் அப்படித்தான், "முவாஃபிக், முவாஃபிக்" என்று சத்தமாகச் சொன்னான். கையெழுத்துப் போட்டான். பத்திரத்தின் அடியில், படித்துக் காட்டி விளக்கப்பட்டது என்று அச்சாகியிருந்தது.

அவன் வார்டை விட்டு வருவதற்குள் கராஜ் கைமாறிவிட்டது. அவன் பங்குக்கு உரியதை அவன் கணக்கில் போட்டேன். அதனால் யாரும் என்னைத் திருடன் என்று சொல்ல முடியவில்லை. பங்கு போனதும் விசா போயிற்று. பள்ளிக்கூட வருடத்தின் நடுவில் மகளின் டி.சி.யை வாங்கினார்கள்.

ஊருக்குப் புறப்படுவதற்கு முன் அவன் மனைவி எனக்குப் போன் செய்தாள். அழவில்லை.

"அண்ணே, ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். லைசென்சுக்குன்னு நீங்க சொன்னதாலதான் போட்டேங்கிறாரு. பேப்பர்ல எல்லாத்தையும் படிச்சுச் சொன்னதா இருக்கு. எது நெசம்?"

நான், "எல்லாம் படிச்சுச் சொல்லித்தாம்மா போட்டான்" என்றேன்.

"அப்ப என்கிட்ட மறைச்சு வித்திருக்காரு."

அவள் போனை வைத்தாள்.

இடுப்பு ஓரளவு சரியான பிறகு அவன் ஓமானில் இருக்கும் ரூவிக்குப் போய், வேறொருவரின் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் வேலைக்குச் சேர்ந்தான் என்று கேள்விப்பட்டேன். மனைவி ஊரிலேயே இருந்தாள். லீவில் அவன் போகும்போதும் இரண்டு பேரும் அதிகம் பேசிக்கொள்வதில்லை என்று அவன் ஊர்க்காரர் ஒருவர் சொன்னார். ஏன் என்று அவருக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. கேட்டுவிட்டு டீ குடித்தேன். அதன் பிறகும் பல வருடம் ஒன்றும் செய்யவில்லை.

இப்போது நான் துபாயில் மகன் வீட்டில் இருக்கிறேன். முழங்கால் போய்விட்டது, சக்கர நாற்காலிதான். போன குளிர்காலத்தில் நானே ஒரு நோட்டரியை வீட்டுக்கு வரவழைத்தேன். ஒரு வாக்குமூலம் எழுதியிருந்தேன். பத்திரத்தில் என்ன இருக்கிறது என்று அவனுக்குச் சொல்லவில்லை, லைசென்சுக்கு என்று பொய் சொன்னேன், அவன் மனைவியிடமும் பொய் சொன்னேன் என்று மூன்று வாக்கியம். மகன் அதைப் படித்தான். "இதனால உங்களுக்குத்தான்பா பிரச்சினை வரும்" என்றான். வரட்டும் என்றேன்.

வந்த நோட்டரி ஒரு பெண்மணி. முதல் வேலையாக மகனை அறையை விட்டு வெளியே போகச் சொன்னார். கதவைச் சாத்தினார். என் பெயர், இன்று என்ன கிழமை, இதை ஏன் எழுதுகிறீர்கள், யாராவது கட்டாயப்படுத்தினார்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ஒவ்வொரு வாக்கியத்தையும் படித்துவிட்டு நிறுத்தினார். மூன்றாவது வாக்கியத்தில் என்னை நிமிர்ந்து பார்த்தார். முடிய அரைமணி நேரம் ஆகியிருக்கும். இப்படித்தான் நடக்க வேண்டும் போலிருக்கிறது. போகும்போது தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன், வேண்டாம் என்றார்.

ஒரு பிரதியை அவன் ஊர் முகவரிக்கும் இன்னொன்றை ரூவிக்கும் கூரியரில் அனுப்பினேன். கூடவே தமிழிலும் ஒரு கடிதம் எழுதி வைத்தேன். மன்னிப்பு என்ற சொல்லை எழுதினேன், அடித்தேன், மறுபடி எழுதினேன்.

இரண்டு வாரம் கழித்து ஊரிலிருந்து போன் வந்தது. அவன் மனைவிதான். குரல் தடித்திருந்தது, வயதாகிவிட்டது.

"பேப்பர் வந்துச்சுண்ணே."

"ம்."

"இங்கதான் இருக்காரு. வேலைய விட்டுட்டு வந்து ஆறு மாசமாச்சு. காட்டுனேன். படிச்சுட்டு, 'நான்தான் அப்பவே சொன்னேனே'ன்னாரு. அவ்வளவுதான்."

பின்னால் டிவி ஓடிக்கொண்டிருந்தது. யாரோ செய்தி வாசித்தார்கள்.

"அம்மா, நான் பண்ணினது..."

"நீங்க பண்ணுனது கெடக்கட்டும்ண்ணே. இத்தனை வருசமா அந்த மனுசனை நான் பேசாத பேச்சில்ல. பொண்ணு கல்யாணத்துல, சபையில வச்சு, பொய்க்காரான்னேன். பக்கத்துல உக்காந்து சோறு போட்டதில்ல. அதையெல்லாம் நான் எங்க கொண்டு போயி வைக்க?"

அவனிடம் பேசலாமா என்று கேட்டேன். அவள் போனைக் கையால் பொத்திக்கொண்டு ஏதோ கேட்டது மங்கலாகக் கேட்டது.

"வேணாங்குறாரு" என்றாள். பிறகு, "நல்லா இருக்கீங்களான்னு மட்டும் கேக்கச் சொன்னாரு" என்றாள்.

இருக்கிறேன் என்றேன். வைத்துவிட்டாள். பிறகு அவர்கள் அழைக்கவில்லை. வழக்கு எதுவும் வரவில்லை. அவள் இப்போது அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பரிமாறுகிறாளா என்று கேட்டுச் சொல்ல எனக்கு யாரும் இல்லை.